அலமுவின் மூக்கும் ஒரு கறுப்பு பீரும்

1.

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. இம்பீரியல் ஸ்டௌட் என்கிற கெட்டியான கறுப்பு பீரை எப்படி ருசித்துக் குடிப்பது என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. "குவளையில் ஊற்றியதும் பழுப்பு நுரை எழும், அப்போது அவசரப்படாமல்" என்பதோடு பேனா நின்றுவிட்டது. அந்த வாரம், அந்தமானின் கராச்சர்மாவில் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸின் சொந்தக்காரர் பக்தவத்சலம் தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி அலமு, "அதப் போயி எதுக்கு அவர்ட்ட சொல்றீங்க" என்றாள். கட்டுரையின் கதை அத்துடன் முடிந்தது.

2.

முதல் தொடக்கம்: "கடலின் மேல் இருள் கவிந்தபோது"

(வேண்டாம். அந்தமானில் உட்கார்ந்து எழுதுகிற எல்லாரும் கடலில்தான் ஆரம்பிக்கிறோம்.)

இரண்டாம் தொடக்கம்: அலமுவுக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது.

இது இருக்கட்டும். போன மழையில் வந்த காய்ச்சல் இறங்கும்போது அவள் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அன்றிலிருந்து மெஸ்ஸில் ருசி பார்ப்பது பக்தவத்சலம். அவருக்கு எல்லாமே ஃபஸ்ட் கிளாஸ்.

ஒரு நாள் பெங்காலி லாரி டிரைவர் தட்டை மெல்லத் தள்ளி வைத்து, "தீதி, மச்லி ஜல் கயா" என்றார். மீன் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. அடுப்பின் பக்கத்திலேயே நின்றிருந்தவளுக்கு அது தெரியவில்லை. மாதக் கடைசியில் மெஸ்ஸை மூடிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

3.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து அவள் தம்பி ஈஸ்வரன் வந்து இறங்கினான். அங்கே சின்னதாக ஒரு பீர் தயாரிப்புக்கூடத்தில் வேலை. தானே முதன்முதலாகக் காய்ச்சிய ஸ்டௌட் ஒரு பாட்டிலைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அக்கா ருசி பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்கு மூக்கு போன சேதி அவனுக்குத் தெரியாது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஐம்பதை எட்டப்போகும் மெஸ்காரி பீர் குடிப்பாளா? வாசகர் நம்புவாரா? அலமுவிடமே கேட்டேன். "எந் தம்பி கஷ்டப்பட்டு செஞ்சதுங்க. வெசமாவா இருக்கப்போகுது" என்றாள். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

4.

சாயங்காலம். மதியத்திலிருந்தே கரண்ட் இல்லை. பக்தவத்சலம் ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"பிஜ்லி போயி ரொம்ப நேரமாச்சு மாப்ள. கூலிங்கே இல்ல. பேகார், வேஸ்ட்டு."

"நல்லதாப் போச்சு அத்தான். இத ஜில்லுனு குடிச்சா ஒண்ணும் தெரியாது. சூடு ஏற ஏறத்தான் வாசம் ஒண்ணொண்ணா வெளிய வரும்."

கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினான். எமர்ஜென்சி லைட்டின் வெளிச்சம் அதற்குள் நுழையவே இல்லை, அவ்வளவு கறுப்பு. மேலே பழுப்பு நுரை மெல்ல அடங்கியது.

"மொதல்ல மோந்து பாருக்கா."

மூக்கருகே கொண்டுபோனாள். சுவரை மோந்த மாதிரி இருந்தது.

"என்ன தெரியுது?"

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். டம்ளரின் நிறத்தைப் பார்த்தாள். "காப்பி."

"அய்யோ, கரெக்ட். வேற?"

"வெல்லப்பாகு."

"பாத்தீங்களா அத்தான், எங்கக்கா மூக்க."

பக்தவத்சலம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கஷாயமாட்டம் இருக்கு மாப்ள. ஆனா ஃபஸ்ட் கிளாஸ்."

தம்பி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான். அலமுவால் அதைத் தாங்க முடியவில்லை.

"பொய்டா. கலரப் பாத்துச் சொன்னேன். காய்ச்சல் வந்ததுலருந்து எனக்கு வாசமே தெரியல. மெஸ்ஸையும் இந்த மாசத்தோட மூடப்போறேன்."

பக்தவத்சலம் நிமிர்ந்தார். "மூடப்போறியா? யாரக் கேட்டு?"

"உங்க ஃபஸ்ட் கிளாஸக் கேட்டுத்தான்."

அழ வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு பதில் வந்ததும் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதுவும் அடங்கியது. ஈஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்க, அலமு டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்திருந்தாள். அது கைச்சூட்டில் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. வீணாக்குவானேன் என்று ஒரு வாய் குடித்தாள். விழுங்கிவிட்டு மூச்சு விட்டாள்.

"என்னடா இது, மழையில நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி ஒரு வாடை."

ஈஸ்வரனின் முகம் செத்துப்போனது. "பாட்டில்ல அடைக்கறப்ப காத்து பூந்துருச்சுக்கா. அதான் அந்த வாடை. லேசாத்தான் இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, அட்டப்பெட்டிய கலரப் பாத்துச் சொல்ல முடியாது."

அலமு டம்ளரையே பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கப்பலில் வந்து மழையில் நனைந்து, பிரிக்கும்போதே கையோடு வரும் மளிகைப் பெட்டிகளின் அதே வாடை. எந்த ஊரிலும் எவரும் முகம் சுளிக்கிற வாடை. அவளுக்குக் கண் கலங்கியது. தன் பீர் கெட்டுப்போனதற்காக ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் பக்தவத்சலம்.

5.

முடிவு ஒன்று: அலமு சமையற்கட்டுக்கு ஓடி ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கிறாள். ஏலக்காய், சோம்பு, பெருங்காயம், எல்லாம் வரிசையாக

(சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அந்த ஒரு வாடை மட்டும்தான். மறுநாள் காலையில் அதுவும்

(என் கை எழுத மாட்டேன் என்கிறது.)

மூன்றாவதாக, இதுவரை எழுதியதை அலமுவிடமே படித்துக் காட்டினேன். "கடைசியில என்னன்னு எழுதட்டும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். படிக்கிறவங்கள மத்தியானமா வரச் சொல்லுங்க, ரசம் ஊத்துறேன். அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

தினமும் அங்கே சாப்பிடுகிற உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் அலமு பேச்சை மீறி நான் இந்த ஊரில் பசியாற முடியாது. மாதக் கடைசி போய்விட்டது, மெஸ் திறந்திருக்கிறது. அதை மட்டும் சொல்வேன். கராச்சர்மா பஸ்ஸில் ஏறுங்கள். இறங்கி யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டு, ரசம் வரும்வரை பொறுத்திருங்கள்.