கண்ணில் இல்லாத லென்ஸைக் கழற்றியவர்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். காதை மூடச் சொல்லவில்லை.

முதலில் எழுதிய வரி: ‘கண்ணாடிக் கதவின் வழியே இளவெயில் மெல்லப் பரவி...’

(அடித்துவிட்டேன். கண்ணை மூடியவளுக்கு வெயில் எங்கே தெரிந்தது? பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.)

2

“அப்பா, நீ வாயே திறக்காத. நானே கசக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

“வலிக்குதாம்மா?”

“இல்ல. லைட்டப் பாத்தாத்தான் எரியுது.”

“அதுக்குப் பேரு என்னவாம்?”

“சொன்னா லென்ஸைப் பிடுங்கிக்குவாங்க. மறுபடி சோடாபுட்டி. ஸ்கூல்ல உன்னையா கூப்பிடப் போறாங்க?”

மகளுக்குப் பத்து வயதிருக்கும். (குரலை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டென்றால் திருத்திக்கொள்ளுங்கள்.) படுக்கும்போது மாட்டி, எழுந்ததும் கழற்றுகிற லென்ஸ். இரவெல்லாம் கண்ணை அழுத்திச் சரிசெய்துவிடுமாம்; பகலில் கண்ணாடி வேண்டாம். கழற்றிவிடுவது அப்பா, குட்டி ரப்பர் உறிஞ்சி வைத்து. அவர் செல்போன் பழுதுபார்ப்பவர்.

3

அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.

“தினம் இருபது போன் ஸ்கிரீனை உறிஞ்சி வச்சுத் தூக்குறேன். ஒண்ணுலகூட கீறல் விழுந்ததில்ல.”

“போன் கத்தாதுப்பா.”

முந்தாநாள் காலை உறிஞ்சியை வைத்து இழுத்தார். வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார். லென்ஸோ எப்போதோ நழுவித் தலையணையில் கிடந்தது. அவர் இழுத்தது வெறுங்கண்ணை.

(நல்ல எழுத்தாளர் இங்கே ஓர் உவமை வைப்பார். நான் மூடிய கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.)

“லென்ஸ் இருக்கான்னு முதல்ல பாக்கணும்னு சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. நல்லாத் தலையாட்டினேன்.”

அந்தக் கண்ணில் நேற்றும் லென்ஸோடு தூங்கியிருக்கிறாள்.

நர்ஸ் வந்தார். “சார், என்ன ஆச்சுன்னு டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. கண்ணுல கீறல் இருந்து, அதுல கிருமி ஏறியிருந்தா தழும்பு விழுந்துடும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியா வராது.”



4

அப்பா உண்மையைச் சொல்லிவிட, கண் தப்பி, மகள் ஒரு வாரம் ‘உர்’ரென்று இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். பக்கத்து நாற்காலிக் கிழவி, அதாவது நான், மூக்கை நுழைப்பதாக இன்னொன்று. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் கேட்டது இவ்வளவுதான்:

“எப்படிம்மா சிவந்துச்சு?” டாக்டர் கதவிலேயே நின்று கேட்டார்.

“நானே கசக்கிட்டேன்.”

அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தாரா, நிமிர்ந்து உட்கார்ந்தாரா? கண்ணைத் திறந்தேன். மருந்தில் எல்லாமே மங்கல்.

எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியிருக்கிறேன். இந்த அப்பாவுக்கு வரவில்லை. நீங்களே ஒரு வரி அவர் வாயில் வையுங்கள். சீக்கிரம், பிள்ளை உள்ளே போகிறாள்.