வலைக்குள் எலிக்குடும்பம்

வாடைக் காற்றிலும் கடலுக்குள் வள்ளம் தள்ளுகிற யோகலிங்கம் எலிக்குப் பயந்தவன் என்பது சல்லிக் கிராமம் முழுக்கத் தெரிந்த இரகசியம்.

நைலோன் வலை வராத காலம். அம்மனுக்குக் கும்பம் வைத்துவிட்டால் ஊரில் கடலுக்கும் போவதில்லை, எறும்பைக்கூட நசுக்குவதில்லை. கடற்கரையில் வலை வைக்கும் வாடிக் குடிசைக்குள் சும்மா கிடந்த அவனுடைய நூல்வலைக்குள் எலியொன்று குஞ்சுகளோடு குடிவந்தது அப்போதுதான். அன்று பொழுதுபடக் கும்பம் சொரிந்து விழா முடிந்ததும் வள்ளங்கள் இறங்கும். அதற்குள் எலிகள் உயிரோடு வெளியேற வேண்டும். வலை கடியுண்டால் பிழைப்பும் போச்சு.

வாசலில் நின்று தகரப் பேணியைத் தட்டினான். தாயின் மேல் ஏறி விளையாடிய குஞ்சுகள் காதைக்கூட அசைக்கவில்லை. தாய் இருக்கிற திமிர், அவளை எடுத்தால் இதுகள் தானாக ஓடிவிடும் என்று நினைத்தான். கருவாடு வைத்த கம்பிக்கூட்டில் தாய் அகப்பட்டது. கூட்டைக் கயிறு கட்டி முற்றத்துக்கு இழுத்தான், தொடத் தைரியமில்லை.

மறுபடி பேணி. குஞ்சுகள் ஓடவில்லை, வெலவெலத்து மடிப்புகளின் ஆழத்துக்குள் ஒளிந்தன. இனிக் கைவிட்டுத்தான் எடுக்கவேண்டும். முழங்கை வரை விட்டான். சூடாய் ஏதோ நடுங்கியது. அதுவா, தன் விரலா என்று விளங்கவில்லை. அடுத்த கணம் ஒன்று கைவழியே ஏறித் தோளைத் தாண்டியது. யோகலிங்கம் வெளியே வந்த வேகத்தை பழைய கருவாட்டை வெயிலில் போட்ட பெண்கள் பார்த்தார்கள்; பார்க்காதவர்களுக்கும் சொன்னார்கள்.

"இஞ்சேருங்கோ, தாயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில வையுங்கோவன்," என்றாள் மனைவி பூரணி.

"நீ வைக்கிறியா?"

"வலை உங்கடதானே."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டைத் தூக்கிப்போய், வலையருகே சரித்து வைத்த பனையோலைக் கடகத்துக்குள் வைத்தான். தாய் மூக்கை நீட்டியது. ஒவ்வொன்றாய்க் குஞ்சுகள் வந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டன. பூரணி பேணியைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

கடகத்தைப் பற்றைக்காடு வரை தூக்கவேண்டும். அவன் ஒரு விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டான். பூரணி மறுபக்க விளிம்பைப் பிடித்தாள்.

"நடவுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

நடந்தான். பற்றைக்குள் கூட்டைத் திறந்ததும் தாய் போக, குஞ்சுகள் பின்னால் போயின.

பொழுதுபட வள்ளம் இறங்கியது. வலையில் சின்ன ஓட்டைகள்தான். ஆனால் அன்றிலிருந்து வாடிக்குள் போகுமுன், "பூரணி, சும்மா வந்து வாசலில நில்லு," என்பான். கேட்டால், வலை மடிக்க ஆள் வேணுமாம்.