பஜ்ஜி மடித்த பதினேழாம் விதி

கச்சிராயபாளையத்தில் அமிர்தத்தின் தொண்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோமுகி கால்பந்துக் கழகம் ஆடுகிறது என்றால், வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் ஆட்டம் எப்படிப் போகிறதென்று தெரிந்துவிடும். "டேய், பந்த வச்சிக்கினு இன்னாடா பண்ற, வெத்தல பாக்கு வச்சி அழைக்கணுமா?" என்று அவள் கத்தினால் நம் ஆள் தடுமாறுகிறான் என்று அர்த்தம். "போச்சு" என்றால் போச்சு.

மைதானத்து மூலையில், கழகம் விட்ட இடத்தில் டீயும் பஜ்ஜியும் போடுகிற கடை அவளுடையது. கண் பாதி அடுப்பில், பாதி ஆட்டத்தில். பஜ்ஜி கருகியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் பிரமாதம். பஜ்ஜி மடிக்க வாங்கும் பழைய பேப்பரை அவள் படிக்காமல் மடிக்கமாட்டாள். அதனால் டெல்லி விவகாரம் அவளுக்கு மூன்று மாதம் தாமதமாக வந்து சேரும்; ஆனால் முழுசாக வந்து சேரும். எந்த எம்.பி. எந்தக் கட்சிக்குத் தாவினார், எந்தச் சட்டம் எத்தனை நிமிஷத்தில் நிறைவேறியது என்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொல்வாள். நம் ஃபார்வர்டு திருநாவலூருக்கு ஆடப் போனாலும் சரி, எம்.பி. கட்சி மாறினாலும் சரி, அவளுக்கு ஒரே கோபம்தான், ஒரே கெட்ட வார்த்தைதான்.

அவள் கழகத்தில் உறுப்பினரானது தனிக்கதை. கழகத்தைச் சங்கமாகப் பதிவு செய்தபோது செயலாளர் இளவரசன் இருபத்தொரு பேர் பட்டியல் போட்டிருந்தார். கையெழுத்து வாங்குகிற அன்றைக்குப் பார்த்து ஒருவன் துபாய்க்குக் கிளம்பிவிட்டான். டீ கொண்டுவந்த அமிர்தத்திடம், "அக்கா, இங்க ஒரு கையெழுத்து போடு" என்றார். போட்டாள். அத்தோடு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அச்சடித்த விதிமுறைப் புத்தகம் ஒரு கட்டு மிஞ்சியது. அதையும் இளவரசன்தான் தூக்கிவந்து, "பஜ்ஜி மடிக்க வச்சிக்க அக்கா" என்று கொடுத்தார். யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்ற யோசனை அந்த மனுஷனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

கழகத்தின் தலைவர் பொன்னுரங்கம். நாலு கரும்பு லாரி, கட்சியில் ஒரு பொறுப்பு. ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோலுக்கு வலை வாங்கிப் போட்டவர் அவர்தான். மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியதும் அவர்தான். ஆனால் வாங்கித் தந்த ஜெர்சியின் முதுகில் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். முகம் தாம்பாள அளவு, நம்பர் தீப்பெட்டி அளவு. மஞ்சள் அட்டையை யாருக்குக் காட்டுவது என்று நடுவர் திண்டாடிப் போனார். "பதினோரு பொன்னுரங்கம் ஓடிக்கினு இருக்காங்க, இவரு யாரன்னு பாப்பாரு?" என்று அமிர்தம் கத்தியதில் எதிரணியும் சிரித்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்ற விதியை எடுத்துவிட்டு, தன்னை நிரந்தரத் தலைவர் ஆக்கிவிட வேண்டும். சனிக்கிழமை மாலை கழக அறையில் பொதுக்குழு கூடியது. அமிர்தம் எல்லோருக்கும் டீ ஊற்றிவிட்டு, கெட்டிலைக் கீழே வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, மீட்டிங் ஆரம்பிக்கப் போவுது" என்றார் இளவரசன்.

"ஆரம்பிங்க தம்பி. நானும் மெம்பருதான்."

இளவரசன் பட்டியலைப் புரட்டினார். இருபத்தோராவது பெயரைப் பார்த்ததும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சமாளித்துக்கொண்டு நடவடிக்கைப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். "...அவர்களை நிரந்தரத் தலைவராக ஏற்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். அமிர்தம் தட்டவில்லை.

"நடக்காத மேட்சுக்கு ஸ்கோர் எழுதிக்கினு வந்துட்டீங்களே தம்பி! யாரையும் இன்னும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள நிறைவேறிடுச்சா?"

பொன்னுரங்கம் சிரித்தார். "இன்னா அமிர்தம், நான் இன்னா கொற வச்சேன்? வல வாங்கித் தரல? வாய்க்கா வெட்டல?"

"செஞ்சீங்க, இல்லன்னு சொல்லல. ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா வந்து கேளுங்க, மொத கை நாந்தான் தூக்குவேன். ஆனா கேக்கவே மாட்டேன்னா எப்பிடிங்க? டெல்லியிலயும் இதான் நடக்குது. சத்தம் ஜாஸ்தியா போட்டவன் ஜெயிச்சான்னு பத்து நிமிசத்துல ஒரு சட்டம். ஏன்னு கேட்டா, நீ தேசத்துக்கு விரோதின்றான்."

"நீ டீமுக்கு விரோதி!" என்று எழுந்தான் அன்புச்செல்வன், பொன்னுரங்கத்தின் மைத்துனன். "நாளைக்கு மணலூர்பேட்ட மேட்ச வச்சிக்கினு இன்னிக்கி ஒத்துமைய ஒடைக்கிற. துரோகி!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. மகளின் நிச்சயதார்த்தத்தில் பாதியில் எழுந்து ஆட்டம் பார்க்க ஓடிவந்தவள் அவள். சம்பந்தி வீட்டார் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். அவளா துரோகி? ஆத்திரத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்ப் பிசுக்கேறிய தாளை எடுத்துப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"பதினேழாம் விதி. விதிகளை மாற்றும் தீர்மானத்தை எதிர்ப்பவர் எவரேனும் இருப்பின், அவர் பெயரும் காரணமும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும்." தாளை இளவரசன் முன்னால் வைத்தாள். "நீங்க குடுத்த புக்குதான் தம்பி. எண்ணெ மட்டுந்தான் என்னுது."

பொன்னுரங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "உன் கட நிக்கிற எடம் கழகத்து எடம். அத ஞாபகத்துல வச்சிக்கினு பேசு."

அமிர்தத்துக்கு அடுப்பு நினைவுக்கு வந்தது. கணவன் கந்தசாமிக்குக் கரும்பு வெட்டும்போது காலில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. வீட்டில் உலை கொதிப்பதே அந்த அடுப்பால்தான். ஆனாலும் இருபது பேருக்கு நடுவில் தன்னை மிரட்டிய அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"எழுதுங்க" என்றாள்.

இருபது கைகள் உயர்ந்தன. சில கைகள் தோளைத் தாண்டவில்லை. இளவரசன் 'ஏகமனதாக' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'எதிர்ப்பு ஒன்று, அமிர்தம்' என்று எழுதினார். "காரணம் இன்னா அக்கா?"

"என்னக் கேக்க வேணாம்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன். அப்பிடியே எழுதுங்க."

மறுநாள் காலையில் அவளுடைய அடுப்பும் பெஞ்சும் தகரமும் ரோட்டோரம் கிடந்தன. அன்புச்செல்வன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தான். கந்தசாமி நொண்டிக்கொண்டே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ரெண்டு தட்டு தட்டியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்?"

"நானு" என்றாள். இருவருமாகக் கண்ணாடி கிளாஸ்களைப் பொறுக்கி எடுத்தார்கள்.

சாயந்தரம் மணலூர்பேட்டைக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. ஒருவன் தங்கள் அணியின் நீலத் துண்டோடு வந்து நின்றான். "அக்கா, உன்ன இப்பிடிப் பண்ணிட்டாங்களே! இன்னிக்கி எங்களுக்காவ கத்து அக்கா."

"வந்த வேலயப் பாத்துக்கினு போ" என்று அனுப்பினாள்.

ஆட்டம் தொடங்கியது. மேடையில் பொன்னுரங்கம் சால்வையோடு, கையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். அமிர்தம் கோட்டோரம் வழக்கமான இடத்தில் நின்றாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. கத்தினால் பொன்னுரங்கம் ஜெயித்ததாக ஆகிவிடும். கத்தாவிட்டால் அன்புச்செல்வன் சொன்னது நிஜமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எண்பது நிமிஷத்துக்கு மேல் நின்றாள். மைதானமே இழவு வீடு மாதிரி இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. ஆடுகிறவர்கள் கால் ஒருபக்கம், காது ஒருபக்கமாக ஆடினார்கள்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது மணலூர்பேட்டைக்குப் பெனால்டி கிடைத்தது. கோல் கீப்பர் ராஜதுரை வெள்ளிமலைக்காரன். காலை பஸ்ஸைப் பிடித்து, வளைவு வளைவாக மலையிறங்கி வந்து ஆடுகிறவன். அவன் வலையின் முன்னால் நின்று, ஒரு தடவை திரும்பி அமிர்தத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், எல்லாக் கணக்கும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"ராஜதொர! அவன் மூஞ்சப் பாக்காத, காலப் பாரு! வலது பக்கம் அடிக்கப் போறான்டா, பாயுடா!"

பாய்ந்தான். பந்து அவன் கையில் பட்டு வெளியே போனது. கூட்டம் எழுந்து ஆடியது. பொன்னுரங்கம் முகமெல்லாம் மலர்ந்து, மேடை நுனிக்கு வந்து அமிர்தத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மைக்கில் சொன்னார்: "பாத்தீங்களா! நம்ம அமிர்தம் எப்பவும் நம்ம பக்கந்தான்!"

அமிர்தத்துக்கு மைக் எதற்கு?

"நான் டீம் பக்கம், தலைவரே! உங்க பக்கம் நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. மைக்க வச்சிட்டு ஒக்காருங்க, பசங்களுக்கு மறைக்குது!"

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து விசிலடித்தார்கள். பொன்னுரங்கம் உட்கார்ந்தார். கார்னர் பந்தைப் பிடித்து ராஜதுரை ஓங்கி உதைத்தான். அமிர்தம் கோட்டோரமாகவே பந்தோடு ஓடி, அடுத்தவனைத் திட்ட ஆரம்பித்தாள்.