பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

பதினேழு வெள்ளி நாற்பது காசு. "செத்தாலும் குடுக்க மாட்டேன்லா" என்று பிச்சைமுத்து நான்கு மாதமாகச் சொல்லிவந்தார். இப்போது மகள் வடிவம்மாள் அவர் வாயில் கரண்டியால் மைலோ பானத்தை விட்டுக்கொண்டிருந்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

குவீன் தெருவில் அந்த வீட்டுக்கு ஒரே மீட்டர். முன்னறையில் அப்பாவும் மகளும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் எழுத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராணி விநாசித்தம்பி. கரண்ட் பில்லை ஆளுக்குப் பாதி கட்டுவது வழக்கம். அவர் இருபத்தொன்பது இன்ச் டிவி வாங்கியதும் பில் ஏறிவிட்டது. அதைப் போடும்போதெல்லாம் இந்த அறை பல்பு ஒருமுறை மங்கித் தெளியும்.

"பாரு, நம்ம பல்புலேருந்து எடுத்துத் திங்குது" என்பார் பிச்சைமுத்து. ஏறிய காசை மட்டும் கட்ட மறுத்தார். அதுதான் சேர்ந்து பதினேழு நாற்பது ஆனது. பேச்சும் நின்றுபோனது.

பொழுது சாய்ந்தது. அவர் கண் பல்பிலேயே இருந்தது.

"வடிவு, இன்னைக்குத் தமிழ்ப்படம் இல்ல?"

"இருக்குப்பா."

"பின்ன ஏன் அவரு போடல?"

வடிவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா கட்டிலைப் பலகையோரம் தள்ளிப் போடச் சொன்னது காற்றுக்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

போய்க் கதவைத் தட்டினாள். விநாசித்தம்பி இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?"

"இல்லைங்கய்யா. டிவி போடச் சொல்றாரு."

"விசர்க்கதை! அங்க ஒரு மனுசன் இழுத்துக்கொண்டு கிடக்கேக்க நான் படம் பாக்கிறதோ?"

"நீங்க பாக்க வேணாம்லா. அவருக்குக் கேக்கணும்."

அவர் எழுந்து டிவி மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் அவள் பிடித்தாள். பலகைச் சுவரை ஒட்டி நகர்த்தினார்கள்.

அவள் திரும்பி வந்தபோது பல்பு மங்கித் தெளிந்தது. வசனம் கேட்டது. பிச்சைமுத்துவின் உதட்டோரம் இளகியது.

"பாட்டு வந்தா சத்தத்தக் கூட்டி வைப்பாரு, பாரேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காசக் குடுத்துரு. நானுந்தானே படத்தக் கேட்டேன்."

படம் முடிவதற்குள் மூச்சு நின்றது. ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அவள் எழவில்லை. பிறகுதான் பலகையைத் தட்டினாள். அந்தப் பக்கம் டிவி அடங்கியது.

கருமாதி முடிந்த சாயங்காலம் காசைக் கொண்டுபோனாள். டிவிமேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. விநாசித்தம்பி முதலில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டினார். சில்லறையைக்கூட விடாமல் எண்ணினார்.

"சரியா இருக்கு. உங்கட அப்பாவுக்கும் எனக்கும் இனி ஒண்டும் இல்லை."

"டிவி போடுங்கய்யா."

"இண்டைக்கோ?"

அவள் தலையாட்டிவிட்டு அறைக்கு வந்தாள். அப்பாவின் கட்டிலில் பலகையோரமாக உட்கார்ந்தாள்.

பல்பு ஒருமுறை மங்கித் தெளிந்தது.