ஹெட்லி பூத்ராய்டின் முப்பத்திரண்டு பற்கள்

ஸ்கெல்பி ஊர் ரக்பி அணியில் முன்வரிசை ஆட்டக்காரனுக்கு வாயில் பல் இருந்தால் அது மானக்கேடு. பின்வரிசையில் நின்று ஓடுகிற பையன்களுக்குப் பல் இருக்கலாம், அவர்கள் தலைவாரிக்கொள்ளலாம், கண்ணாடிகூடப் பார்க்கலாம்; யாரும் கேட்கப்போவதில்லை. முன்வரிசைப் பிழைப்பு வேறு. வாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்து கிடந்துவிட்டு, சனிக்கிழமை மதியம் எதிரணியின் ஆறு மலைகளோடு தலையை மோத வேண்டும். பல் எப்படித் தங்கும்? ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஆர்ச்சி டின்ஸ்டேல் ஒரு பழைய டாஃபி டப்பாவை ஏந்திக்கொண்டு உடைமாற்றும் அறையைச் சுற்றி வருவார். முன்வரிசை ஆறு பேரும் பொய்ப்பல்லைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி உள்ளே போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு வரும்போதுகூட அந்த ஊரில் அவ்வளவு பயபக்தியைப் பார்க்க முடியாது.

அந்த அணிக்கு ஒன்பது பருவம் கேப்டனாக இருந்த ஹெட்லி பூத்ராய்டுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. எல்லாம் சொந்தப் பல். ஒரு சொத்தைகூடக் கிடையாது.

முன்வரிசையில் நின்றும் பல் எப்படிப் பிழைத்தது என்றால், அதற்கு ஹெட்லி ஒரு முறை வைத்திருந்தான். பந்தோடு பாய்ந்து வருகிறவனை முதல் ஆள் காலில் பிடிப்பான். இரண்டாம் ஆள் மார்பில் மோதுவான். வந்தவன் விழுந்து, செத்தோமா பிழைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஹெட்லி மூன்றாவதாக வந்து எல்லார் மேலும் மெத்தென்று படுத்துக்கொள்வான். படுத்தபடியே முகத்தில் கொஞ்சம் சேற்றை அப்பிக்கொள்வான். எழுந்திருப்பதிலும் அவன்தான் கடைசி. அப்போதுதான் கூட்டம் அவனைப் பார்த்துக் கைதட்டும். பிடிக்க வேறு ஆளே இல்லாமல் எவனாவது நேராக அவனை நோக்கி வந்துவிட்டால், ஹெட்லியின் பூட்ஸ் லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவான். இங்கிலாந்தின் வடக்கில் அத்தனை தடவை அவிழ்ந்த லேஸ் வேறு கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், ‘களத்திலேயே அதிகம் சேறானவர்’ என்று வாராவாரம் அவனைப் புகழ்ந்து எழுதினார். அந்த ஆள் ஆட்டத்தை மதுக்கடை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்.

கேப்டன் பதவி காலியானபோது கறிக்கடைக்காரரும் கிளப் தலைவருமான ஓல்ட்ராய்ட் எல்லாரையும் நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த மைதானத்துக்கு நீங்கல்லாம் என்னடா குடுத்திருக்கீங்க?”

ஒருவன் காது மடலைக் காட்டினான். இரு அணியும் தலைகோத்து முட்டுகிற ஸ்கிரம்மில் நடுவே நிற்கிற சேத் லம், எந்தத் திசை என்று சொல்ல முடியாத தன் மூக்கைக் காட்டினான். ஹெட்லி மட்டும் உதட்டை உள்ளே மடித்து, கண்ணை மூடிக்கொண்டு, “எல்லாப் பல்லையும் குடுத்துட்டேங்கய்யா” என்றான். கிழவர் கண் கலங்கிவிட்டது. பதவி கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு டப்பா ஞாபகம் வந்தது. அதுவரை அது வரும்போதெல்லாம் லேஸ் கட்டக் குனிந்து தப்பித்திருந்தான்; இனிக் கேப்டன்தான் முதலில் போட வேண்டும். அதில் போடப் பொய்ப்பல்லுக்கு எங்கே போவது? ஆனால் தெய்வம் சோம்பேறிகளைக் கைவிடுவதில்லை. அந்த வாரம்தான் மாமியார் மண்டையைப் போட்டிருந்தாள். கட்டிலருகே கண்ணாடி டம்ளரில் அவளுடைய பல்செட் தண்ணீருக்குள்ளிருந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

“அம்மா பல்லு எங்க ஹெட்லி? பொக்கை வாயோடயா அவங்களைப் பெட்டியில வெச்சு அனுப்புறது?” என்று அழுதாள் மனைவி மேவிஸ்.

“பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றான் ஹெட்லி. அந்த வீட்டில் பூனை கிடையாது.

அன்று முதல் மாமியார் ஒவ்வொரு சனிக்கிழமையும் டாஃபி டப்பாவுக்குள் போய் வந்தாள். உயிரோடு இருந்தபோதுகூட அவள் இத்தனை ஊர் பார்த்ததில்லை. ஹெட்லிக்குத்தான் வாய் கோணிப்போனது. ஆட்டம் முழுக்க உதட்டைப் பல்லின் மேல் மடித்துப் பொக்கை வாய் மாதிரி வைத்திருக்க வேண்டும். அந்த வாயோடு அவன் கொடுத்த கட்டளை ஒன்றும் யாருக்கும் விளங்கியதில்லை.

“கேப்டன் என்னடா சொல்றாரு?” என்று யாராவது கேட்டால், “பசிக்குதாம். நீ ஓடு” என்பான் சேத். அணியும் அவரவர் புத்திப்படி ஆடி ஜெயித்தது. ‘ஈடிணையற்ற தலைமை’ என்று பத்திரிகை எழுதியது.

ஒன்பதாம் பருவத்தின் முடிவில் ஸ்கெல்பி அணி கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. லண்டன், வெம்ப்ளி மைதானம். ஊரே ரயிலில் பன்றிக்கறி வடையும் பீரும் சுமந்துகொண்டு கிளம்பியது. அங்கே வழக்கம் கொஞ்சம் வேறு. ஆட்டத்துக்கு முன் பெரிய இடத்து அம்மாள் ஒருத்தி வந்து எல்லாரிடமும் கைகுலுக்குவாள். அதனால் கைகுலுக்கும்வரை பல் வாயிலேயே இருக்க வேண்டும்; அம்மாள் நகர்ந்ததும், வரிசையின் பின்புறமாக ஆர்ச்சி டப்பாவோடு வருவார்.

அன்று வந்தவள் ஒரு சீமாட்டி. ஐந்து பேருடைய வெளுத்த பீங்கான் சிரிப்பைத் தாண்டி வந்தவள், ஹெட்லியின் முன்னால் நின்றுவிட்டாள்.

“அடடா, எவ்வளவு அழகான பல்லு!” என்றாள்.

“டாக்டர் கைராசி அம்மா” என்றான் ஹெட்லி. சொல்லிவிட்டு லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து, காலுறைக்குள் செருகியிருந்த மாமியாரை எடுத்து டப்பாவில் போட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். சேத் பார்த்தான். கேப்டனுக்குக் காலில் எப்படிப் பல் முளைத்தது என்று அவன் யோசிப்பதற்குள் ஊதல் ஊதிவிட்டது.

மே மாத வெயில். களத்தில் பொட்டுச் சேறு இல்லை. ஹெட்லி எத்தனை பேர் மேல் படுத்தாலும் புது மாப்பிள்ளை மாதிரியே எழுந்தான். கடைசி நிமிடத்தில் ஸ்கெல்பி இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. அப்போது எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு கிளம்பினான். அவன் ஏறினால் பேருந்தின் மறுபக்கச் சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கிவிடும் என்று பேச்சு. சேத் காலைப் பிடித்தான். காலுறைதான் கையோடு வந்தது. இன்னொருவன் மோதி, மோதிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆளுக்கும், பந்தோடு தாண்டினால் ஆட்டமே கைமாறிவிடும் கோட்டுக்கும் நடுவே ஹெட்லி மட்டும் நின்றான்.

ஹெட்லியின் லேஸ் அவிழ்ந்துவிட்டது.

குனிந்தான். கட்டத் தொடங்கினான். குனிந்த மனிதனைத் தாண்டிப் பழக்கமில்லாத அந்த மலை, முழங்காலை நேராக ஹெட்லியின் வாயில் இறக்கி, அவன் மேல் தடுக்கி, தலைகுப்புறப் போய் விழுந்தது. பந்து நழுவி ஓடியது. ஊதல். கோப்பை ஸ்கெல்பிக்கு!

ஈரத் துணியோடு ஓடிவந்த ஆர்ச்சி புல்லில் கிடந்ததைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான்கு பற்கள்.

“யாருதுப்பா இது? நம்ம ஆளுங்க பல்லு எல்லாம் என் டப்பாவுல இருக்கே?”

“எதிராளியோடதா இருக்கும்” என்றான் ஒருவன்.

“எதிராளிக்கு ஏதுடா பல்லு? அவனும் முன்வரிசைக்காரன்தானே?”

சேத் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தான். “ஏன்யா ஆர்ச்சி, இதுல வேர் இருக்கு. பொய்ப்பல்லுக்கு எப்ப வேர் விட்டுச்சு?” என்றவன், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹெட்லியிடம் திரும்பினான். “கேப்டன், உம்முதா?”

அந்த நொடியில் ‘ஆமாம், என்னுடையது’ என்று சொல்லியிருந்தால் ஊர் அவனைத் தோளில் தூக்கியிருக்கும். கோப்பைக்காக நான்கு பல் கொடுத்தவன் என்று மதுக்கடையில் படம் மாட்டியிருக்கும். ஆனால் பல் போயிற்று என்று சொல்ல, முதலில் பல் இருந்தது என்று சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடப் பெருமை ஒரு பக்கம், நான்கு பல் ஒரு பக்கம். ஹெட்லி ரத்தத்தோடு சேர்த்து உண்மையையும் விழுங்கினான்.

“எந்து இல்ல” என்றான். உதடு வீங்கியிருந்ததால், பொக்கை வாய் இந்தத் தடவை நடிக்காமலேயே வந்தது.

ஆர்ச்சி டப்பாவைத் திறந்து அவரவர் பல்லை அவரவரிடம் கொடுத்தார். மாமியாரை ஹெட்லி கைக்குள் பொத்திக்கொண்டு, கோப்பை வாங்க எல்லாருக்கும் முன்னால் படியேறினான். மேலே சீமாட்டி கோப்பையைக் கொடுத்துவிட்டு, “எங்கே, ஆட்டத்துக்கு முன்னாடி பார்த்த அந்தச் சிரிப்பு? போட்டோக்காரங்க காத்திருக்காங்க பாருங்க” என்றாள். இங்கிலாந்தில் ஒரு சீமாட்டி கேட்டுச் சிரிக்காமல் இருக்கும் துணிச்சல் ஹெட்லிக்குக் கிடையாது. துணிச்சல் என்பதே அவனுக்கு வெளியூர்ச் சரக்குதான். இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கினான். கையிலிருந்த மாமியார் கோப்பைக்குள் விழுந்து ‘டங்’ என்றாள். ஹெட்லி வாயைத் திறந்து சிரித்தான்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. நடுவில் நான்கு பல் அளவுக்கு இருட்டு. இரண்டு பக்கமும் முத்துமுத்தாக மிச்சம். ஸ்கெல்பியில் கைக்குழந்தைகூட அதைப் பார்த்து எண்ணப் பழகியது. கோப்பையைக் கழுவும்போது கிடைத்த பல்செட்டை ஆர்ச்சி மேவிஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் அதை ஒரே பார்வையில் அடையாளம் கண்டாள்.

“பூனையா?” என்று கேட்டாள், ஹெட்லியைப் பார்த்து. வேறு எதுவும் கேட்கவில்லை. பல்லைக் கொண்டுபோய் அம்மாவின் கல்லறையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஹெட்லியைப் பதவியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. ஓல்ட்ராய்ட் கறி வெட்டுவதை நிறுத்தாமலேயே சொன்னார்: “எதுக்கு? இருக்கட்டும். குடுத்தேன்னு சொன்னான்ல? குடுக்கட்டும்.”

ஆகஸ்டில் புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். ஆர்ச்சி டப்பாவோடு வந்தார். ஹெட்லியின் முன்னால் நிற்காமலேயே தாண்டிப் போனார். கேப்டன் முன்னால் ஓட, அணி பின்னால் வந்தது. எதிரணியின் கடோற்கஜன் ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு தரை அதிரக் கிளம்பினான். நேராக ஹெட்லியை நோக்கித்தான்.

“சேத்! பிடிடா!” என்று கத்தினான் ஹெட்லி. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவன் சொன்னது எல்லாருக்கும் தெளிவாக விளங்கியது.

திரும்பிப் பார்த்தான். ஸ்கெல்பி அணியின் மற்ற பன்னிரண்டு பேரும் குனிந்து பூட்ஸ் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சேத் தலையை மட்டும் நிமிர்த்தினான்.

“இன்னும் இருபத்தெட்டு இருக்கே கேப்டன்” என்றான்.

கோட்டுக்கு வெளியே ஆர்ச்சி நிதானமாக டப்பாவின் மூடியைத் திறந்தார்.