பச்சை நூல் கட்டிய சாமான்கள்

என் கணவருக்குப் பழைய பூட்டு என்றால் உயிர். சாவி தொலைந்த பூட்டாக இருந்தால் இன்னும் விசேஷம். வீட்டில் நாற்பது வைத்திருக்கிறார், ஒன்றையும் திறக்க முடியாது. இந்த அழகில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் பழம்பொருள் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போவார். மூடிக்கிடந்த ஒரு பஸ் டிப்போதான் சந்தை. பஸ்கள் நின்ற இடங்களில் இப்போது கடைகள்.

அன்றைக்கு அவர் பூட்டுக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் கால் போன போக்கில் சுற்றினேன். மூன்றாவது கடையில் என் அம்மாவின் நிலைக்கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. சந்தேகமே இல்லை. பத்து வயதில் நான் அண்ணன் மேல் டம்ளரை வீசியதில் உடைந்த மூலை அப்படியே இருந்தது. சட்டத்தில் விலைச்சீட்டு ஒரு பச்சை நூலில் தொங்கியது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஒரு வீட்டை மொத்தமா காலி பண்ணாங்கம்மா. நாங்க நாலு கடைக்காரங்க சேந்து எடுத்துப் பிரிச்சுக்கிட்டோம். எது எந்த வீடுன்னு குழம்பக்கூடாதுல்ல, அதான் ஒரு வீட்டுக்கு ஒரு கலர் நூல். பச்சை கட்டினது எல்லாம் அந்த வீடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இருக்கும்போதே அண்ணன் சாமான்களை விற்கத் தொடங்கிவிட்டானா! அம்மா வீட்டை அவன் பேருக்கு எழுதிவைத்த அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் அம்மாவிடம் கத்திவிட்டு வந்தவள், இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவனைப் பற்றி நான் சொன்னது சரியாகிவிட்டதே.

பச்சை நூலைத் தேடிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். சுவர்க்கடிகாரம் இருந்தது. அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் குட்டை ஸ்டூல் இருந்தது. இதையுமா விற்றாய் என்று ஒவ்வொன்றுக்கும் அண்ணனை மனசுக்குள் வெளுத்து வாங்கினேன். இப்படியே நேராகப் போய் அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

கடைசிக் கடையில் ஒரு வாளி நிறையக் குடைகள். அவற்றின் நடுவே அம்மாவின் கைத்தடி. உள்ளங்கை வலிக்கிறது என்று பிடியில் அவள் சுற்றிவைத்த துணி அழுக்கேறிப்போய் இருந்தது. அந்தத் தடி இல்லாமல் அம்மாவால் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் நடக்க முடியாது. அதை யாரையும் தொடவிடமாட்டாள். தடியை வாளியிலிருந்து உருவி எடுத்தேன்.

"நல்ல தேக்கு. அந்தத் துணிய அவுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும்," என்றாள் கடைக்காரி.

"இத வச்சிருந்தவங்க?"

"தவறிட்டாங்களாம். அதுக்கப்புறம்தானே வீட்டையே காலி பண்ணாங்க."

எப்படி நடந்து பூட்டுக்கடைக்குப் போனேன் என்று தெரியவில்லை. அண்ணனின் நம்பரை நான் எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். "அண்ணனுக்குப் போன் போடுங்க," என்றேன். கணவர் தன் போனிலிருந்து அழைத்துக் கொடுத்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நான்தான். அம்மா எப்ப போனாங்க?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்னு அம்மா மூஞ்சிக்கு நேரா சொன்னது யாரு? சொந்தக்காரங்க கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். அவ வரமாட்டேன்னுட்டான்னு."

"அது கோவத்துல சொன்னதுண்ணா."

"எனக்குத் தெரியாதா? அதனாலதான் கடைசி வாரம் உனக்குப் போன் போடவான்னு அம்மாகிட்ட கேட்டேன். வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாங்க. ஆனா வேணாம்னுட்டாங்க. கூப்பிட்டும் நீ வரலைன்னா தன்னால தாங்க முடியாதுன்னாங்க."

சந்தையே திரும்பிப் பார்க்கும்படி நான் அழுதேன். கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வந்திருப்பேண்ணா. ஓடி வந்திருப்பேன்."

"அது அம்மாவுக்குத் தெரியாதே," என்றான் அண்ணன்.