சயனைடு மேட்டுத் தண்ணீர்

ஆடி பிறந்தும் மழை இல்லை. காற்று மட்டும் வந்துவிட்டது. ரத்தினம்மாவின் தோட்டத்துக் குழாய் செம்மண் கலங்கலைத் துப்பிவிட்டு, பிறகு வெறும் காற்றை ஊதியது. தண்ணீர் லாரியின் மேல் ஹோஸைப் பிடித்தபடி நின்றிருந்த மனோகர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கால்வாசிகூட நிரம்பவில்லை. கீழே ரத்தினம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பூதிகோட்டைக்கு வெளியே அவளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. போர்க்கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி ஆயிரம் அடியைத் தாண்டியிருந்தது. தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மனோகர் கொண்டுபோகும் தண்ணீர் இத்தனை வருஷமாக இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே லாரி எடுத்தாராதப்பா. தக்காளிக்கே பாய மாட்டேங்குது. உனுக்கு எங்கருந்து குடுப்பேன்?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். ஹோஸைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

லாரி முதலாளி இவானின் கடை ஆண்டர்சன்பேட்டையில் இருந்தது. மனோகர் சொன்னதைக் கேட்டதும் இவான் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, சயனைடு மேட்டுக்குக் கீழே ஒரு போர் இருக்கிறது, தண்ணீர் நிற்காமல் வருகிறது, அங்கே பிடித்துக்கொள் என்றார்.

சுரங்கம் ஓடிய காலத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு மண்தான் அந்த மேடு. அப்படிப் பல மேடுகள் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்த மாவுத் தூசி கிளம்பி வந்து காயும் துணியிலும் வடித்த சோற்றிலும் படியும். அதனடியில் ஊறும் தண்ணீர் வாய்க்கு ஆகாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவானுக்கும் தெரியும்.

"பாத்திரம் கழுவட்டும், துணி தொவைக்கட்டும். குடிக்கச் சொல்லி நாமளா சொல்றோம்?"

"எங்கருந்து எடுத்தாந்தன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. வேற எங்க தண்ணி கீது, நீயே சொல்லு மனோகர்."

மனோகர் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மேட்டடியில் சீமைக்கருவேலம்கூட வெளுத்துப்போய் நின்றது. தண்ணீர் மட்டும் கண்ணாடியாக வந்தது. தொட்டி நிரம்பும்வரை அவன் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லைனுக்குப் போனதும் முதல் வீட்டிலேயே சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தான். ஆனால் லாரியின் சத்தம் கேட்டுப் பெண்கள் டிரம்களை உருட்டிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்ததும் வாய் வரவில்லை. முதல் வீட்டில் ஊற்றினான். அடுத்த வீட்டிலும், அதற்கடுத்ததிலும் ஊற்றினான்.

பிறகு யசோதாவின் வீடு. அவள் கணவர் அசோகன் சுரங்கத்தில் அடிமட்ட லெவலில் பாறை துளைத்தவர். இப்போது நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். சுவரில் மாட்டிய புத்தர் படத்துக்குக் கீழே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். யசோதா ஹோஸின் வாயை நேராகக் குடிதண்ணீர்க் குடத்தில் வைத்தாள். நிறைந்ததும் ஒரு சொம்பில் மொண்டு கணவரிடம் எடுத்துப் போனாள்.

"அக்கா, அத குடுக்காதீங்க" என்றான் மனோகர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சொம்பு கையிலேயே இருந்தது.

"மேட்டாண்டருந்து புடிச்ச தண்ணிக்கா."

யசோதா வாசலுக்கு வந்து சொம்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் காய்ந்த மண்ணில் ஒரு நொடியில் காணாமல் போனது. மனோகர் ஹோஸை அப்படியே போட்டுவிட்டு முந்தைய வீடுகளுக்கு ஓடினான். ஒரு வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் சுனிதா அடுப்பை அணைத்துவிட்டு, அரிசியோடு பானையைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். கொட்டிவிட்டு அவனை நன்றாகத் திட்டினாள். அதற்குள் லைனே கூடிவிட்டது. தெரிந்தே ஏன் கொண்டுவந்தாய் என்றார்கள். காலமெல்லாம் அந்த மாவைத்தானே மூச்சில் இழுக்கிறோம், இனி தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அவன் தலை குனிந்து நின்றான். கூட்டம் ஓய்ந்த பிறகு யசோதா கேட்டாள்.

"செரி, குடிக்கிறதுக்கு இன்னா பண்றது? அத சொல்லு."

திட்டியதைவிட அதுதான் அவனை அதிகமாக வாட்டியது.

விஷயம் அவனுக்கு முன்னால் ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்விட்டது. இவான் சத்தம் போடவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்றிரவு மனோகரின் மனைவி வாணி பெங்களூரில் துணிக் கம்பெனி வேலை முடிந்து கடைசிப் பயணிகள் ரயிலில் வந்தாள். கட்டிலில் படிந்திருந்த தூசியைத் தட்டக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். பெங்களூருக்கே குடி போய்விடலாமா என்று அவன் கேட்டான்.

"அங்க மட்டும் இன்னா? நான் வேலை செய்யற எடத்துலயும் லாரி தண்ணிதான்" என்றாள். பிறகு அவன் முதுகில் கை வைத்தாள். "சொன்னது நல்லதுதான். சாப்புடு."

மறுநாள் தம்பி திலீப்பின் சரக்கு ஆட்டோவை இரவல் வாங்கி, லைனில் கிடைத்த காலிக் கேன்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மனோகர் பூதிகோட்டைக்குப் போனான். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. ரத்தினம்மா தோட்டத்தில் தக்காளிக்கு ஊன்றிய குச்சிகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். செடிகளில் இன்னும் பச்சைக் காய்கள் இருந்தன.

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி ஊறுனது கொஞ்சம் வரும். கேன்ல புடிச்சுக்கோ."

"தக்காளி?"

"அரை வயிறு தண்ணி ஊத்துனா அதுவும் சாவும். வாய்க்காவது போவட்டும்."

மோட்டார் ஓடியது. குழாய் முதலில் சேற்றைத் தள்ளியது. பிறகு விரல் பருமனுக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. இருவரும் மாறி மாறிக் கேன்களைப் பிடித்தார்கள். பாதிக்கு மேல் காலியாகவே திரும்பின.

லைனில் பங்கு போடும் பொறுப்பை யசோதா எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீடுகளுக்கு முதலில் என்றாள். சண்டை வந்தது. சுனிதா கோபித்துக்கொண்டு வெறும் குடத்தோடு போய், சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து வரிசையில் நின்றாள். அன்று பிற்பகல் இவானின் லாரி வேறொரு டிரைவரோடு வந்தது. இப்போது யாருக்கும் ஒளிக்க ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அந்த மேட்டுத் தண்ணீரை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மனோகரும் தன் வீட்டுக்கு ஒரு டிரம் பிடித்தான்.

வாணி ரயிலிலிருந்து வந்தபோது ஒரு டம்ளர் ரத்தினம்மா தோட்டத்துத் தண்ணீர் அவளுக்காக மூடி வைக்கப்பட்டிருந்தது. நின்றபடியே மெதுவாகக் குடித்தாள்.

"நாளைக்கு?" என்றாள்.

"போய்ப் பாக்கணும்" என்றான் அவன்.

வாணி டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். மனோகர் எழுந்து சன்னல் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தான். வெளியே காற்று ஓயவில்லை.